உதவுவது வேறு, எல்லாவற்றையும் சுமப்பது வேறு

"புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, விழா ஏற்பாடு எல்லாம் என் தலையில்தான், பதவி உயர்வு மட்டும் வரவில்லை. இனி யாருக்கும் உதவப் போவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் தோழி. கோபம் நியாயம்தான். அந்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

லிண்டா பாப்காக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் பேசுகிறது. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில், பெயர் வாங்கித் தராத வேலைக்குப் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ, அவர்களும் பெண்கள் அளவுக்கு முன்வந்தார்கள்! ஆக, கோளாறு உங்கள் சுபாவத்தில் இல்லை. 'அவங்க பார்த்துக்குவாங்க' என்ற எதிர்பார்ப்பில் இருக்கிறது.

குறிப்பெழுதுவதை முறை வைத்துப் பிரிக்கச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பதை விடாதீர்கள், அதில்தான் நிறைவு என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆனால் யாருக்கு, எத்தனை மணி நேரம் என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். ஒபாமா ஆட்சிக் காலத்தில் வெள்ளை மாளிகைப் பெண் அதிகாரிகள், ஒருவர் சொன்ன யோசனையை இன்னொருவர் அவர் பெயரோடு திரும்பச் சொல்வார்கள். நானும் ஒரு சக ஊழியரும் இதைச் செய்து பார்த்தோம். முதல் வாரம் நாடகம் மாதிரி இருந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் மற்றவர்களும் எங்கள் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.