ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களுக்கு வயிறு உப்புவது ஏன்?

கேள்வி: வீட்டில் 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட் வகைகளான எலக்ட்ரிக் யெல்லோ 6, ஆரட்டஸ் 4 ஆகியவற்றையும் ஏஞ்சல் மீன் 2-ஐயும் வளர்க்கிறேன். காலையில் உறைய வைத்த இரத்தப்புழுவும் மாலையில் பொடியாக நறுக்கிய ஆட்டு ஈரலும் தருகிறேன். வாரந்தோறும் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசி, புதிதாக ஆர்.ஓ. கேன் தண்ணீர் நிரப்புகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீர் என்பதால் அதைப் பயன்படுத்துவதில்லை. இப்போது ஒரு ஆரட்டஸும் ஒரு எலக்ட்ரிக் யெல்லோவும் வயிறு உப்பி, தீனி எடுக்காமல், வெள்ளை நூல் போன்ற கழிவுடன் ஒதுங்கி நிற்கின்றன. இன்னொரு ஆரட்டஸ் மஞ்சள் நிறம் மாறிக் கறுத்துவிட்டது. அது ஏஞ்சல் மீன்களின் துடுப்பைக் குதறுகிறது. என்ன மருந்து இட வேண்டும்? (ஒரு விவசாயி, திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: கறுத்துப்போன மீனுக்கு எந்த நோயும் இல்லை. ஆரட்டஸ் குஞ்சுகள் அனைத்தும் மஞ்சள் உடலில் கருப்பு வெள்ளைக் கோடுகளுடன் ஒன்றுபோலவே இருக்கும். பருவம் அடைந்து ஆதிக்கம் செலுத்தும் ஆண் மீன் மட்டும் கருமையாக மாறும். உங்கள் தொட்டியின் பெரும்பகுதியைத் தன் எல்லையாக அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அதற்கு மருந்து எதுவும் இட வேண்டாம்.

வயிறு உப்பிய இரண்டு மீன்களின் நிலைதான் கவலைக்குரியது. இதை மலாவி வயிற்று வீக்கம் என்று மீன் வளர்ப்போர் கூறுவர். குறிப்பிட்ட ஒரே கிருமியால் மட்டும் வரும் நோயாக இதைக் கருத முடியாது. தவறான தீனி, கெட்ட நீர், ஓயாத துரத்தல் ஆகியவற்றால் மீன் நலிவடையும்போது, குடலில் உள்ள நுண்ணிய ஒட்டுண்ணிகளும் பாக்டீரியாக்களும் பெருகி வீக்கத்தை உண்டாக்குகின்றன. நீங்கள் எழுதியுள்ள விவரங்களில் இம்மூன்று காரணங்களும் இருப்பதால், அவற்றைத் திருத்தாமல் மருந்தை மட்டும் இட்டால் மீதமுள்ள மீன்களுக்கும் இதே நிலை வரும்.

முதலில் தீனியைப் பார்ப்போம். ஆரட்டஸ் என்பது மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு இடையே உள்ள மலாவி ஏரியின் பாறைகளில் படரும் பாசியைச் சுரண்டித் தின்று வாழும் மீன். நார்ச்சத்து மிகுந்த அந்த உணவை மெல்ல மெல்லச் செரிப்பதற்காக அதன் குடல் நீண்டு அமைந்திருக்கிறது. அத்தகைய குடலில் புரதம் மிகுந்த ஆட்டு ஈரல் செரிக்காமல் தங்கிவிடும். எலக்ட்ரிக் யெல்லோ பாறை இடுக்குகளில் உள்ள சிறு புழு பூச்சிகளையும் தின்னக்கூடியது என்பதால் புழுவை ஓரளவு தாங்கும். ஆனால் தினந்தோறும் இரத்தப்புழு என்பது அதற்கும் அதிகம்தான். ஈரலை இன்றே நிறுத்துங்கள். சுருள்பாசி (ஸ்பைருலினா) கலந்த குருணைத் தீனியை முதன்மை உணவாக்கி, நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு மட்டும் கொடுங்கள். வெந்நீரில் வாட்டிய பசலைக்கீரையும் தோல் நீக்கி வேகவைத்த பட்டாணியும் இடையிடையே தரலாம். வாரம் ஒரு நாள் தீனி இல்லாமல் விடுவது நல்லது.

நோயுற்ற மீன்களைச் சுமார் 40 லிட்டர் நீர் கொண்ட தனித் தொட்டிக்கு, பழைய தொட்டியின் நீரையே ஊற்றி மாற்றுங்கள். காற்றுக் குழாய் நன்றாக ஓட வேண்டும். 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து விடுங்கள். சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. மெட்ரோனிடசோல் மருந்தை 40 லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் வீதம் பொடித்துக் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு முறையும் கால் பங்கு நீரை மாற்றியபின், மூன்று முறை இடலாம். மாற்றி ஊற்றும் நீருக்கு உரிய எப்சம் உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்டரில் கரித்துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். மருந்தை வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரையோ மீன்வளக் கல்லூரியையோ கலந்து பேசுங்கள். செதில்கள் சிலிர்த்து நிற்கும் அளவுக்கு வீக்கம் முற்றிவிட்ட மீன் பிழைப்பது அரிது.

அடுத்து நீர். வாரம் பத்துக்கும் மேற்பட்ட கேன்களுக்குச் செலவு செய்து, இந்த மீன்களுக்கு ஒவ்வாத நீரை நீங்கள் நிரப்பி வருகிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவு ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை இருக்கும். சுண்ணாம்புச் சத்து நீக்கப்பட்ட ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச். நிலைத்து நிற்காமல் சரிந்துவிடும். நீங்கள் ஒதுக்கிவைத்த கடின நீர்தான் இவற்றுக்குப் பெரிதும் பொருந்தும். ஆனால் கடின நீர் வேறு, உவர் நீர் வேறு. உங்கள் மாவட்டத்தில் மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் நிலத்தடியில் கடல் நீர் உட்புகுந்திருப்பதால், கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்து உப்பின் அளவைத் தெரிந்துகொண்ட பிறகே பயன்படுத்துங்கள். கிணற்று நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் ஒரு நாள் முழுவதும் காற்று செலுத்தி வைத்திருங்கள்.

முழு நீரையும் இறைத்து, பஞ்சைக் குழாய் நீரில் அலசும் வழக்கத்தைக் கைவிடுங்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் பெரும்பாலும் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய் நீர் பட்டால் அவை அழிந்து, வாரந்தோறும் தொட்டி புதுத் தொட்டியாகிவிடுகிறது. வாரம் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரிலேயே பஞ்சைப் பிழிந்து அலசுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: பி.எச். 7 இலிருந்து 8 ஆக உயரும்போது அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். ஆகவே சோதனைப் பெட்டியில் அம்மோனியா இல்லை என்று உறுதியான பின்னரே, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு வீதம் ஆர்.ஓ. நீரை நீக்கிக் கிணற்று நீருக்கு மாறுங்கள்.

ஏஞ்சல் மீனும் சிக்லிட் குடும்பம்தான் என்றாலும், அது தென் அமெரிக்காவின் அமேசான் வடிநிலத்தில் மெதுவாக ஓடும் மென்னீரில் வாழ்வது. அதன் நீண்ட துடுப்புகள் ஆரட்டஸின் பற்களுக்கு எளிய இலக்கு. அவற்றை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கறுத்த ஆணையும் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என் பரிந்துரை, ஏனெனில் மலாவி மீன்களிலேயே மிகவும் மூர்க்கமானவற்றுள் ஆரட்டஸ் ஒன்று. அமைதியான எலக்ட்ரிக் யெல்லோவை மட்டும் ஓர் ஆணுக்கு மூன்று பெண் வீதம் வளர்த்தால் இனப்பெருக்கமும் எளிதாகும். தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்து மூன்று வாரங்களுக்கு மேல் அடைகாக்கும்.

ஒளிந்துகொள்ள இடுக்குகள் அமையும்படி கற்களை அடுக்கிக் கொடுங்கள். இம்மீன்கள் மணலைத் தோண்டும் பழக்கமுடையவை என்பதால், கற்களை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடியில் மெல்லிய தெர்மாகோல் விரிப்பின்மேல் அமைத்து, அதன்பின் மணலைப் பரப்புங்கள். இல்லையேல் கல் சரிந்து கண்ணாடி உடையும். நீரின் காரத்தன்மை நிலைத்திருக்கக் கழுவிய கிளிஞ்சலைப் போடலாம். பவளத் துண்டுகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கடினப் பவளங்கள் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை என்பதால் அவற்றை வாங்க வேண்டாம்.

வேண்டாத மீன்களை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜிலேபி மீன் (திலாப்பியா) 1952 இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு நீர்நிலைகளெங்கும் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இரண்டு வாரங்களில் மற்ற மீன்களுக்கும் வீக்கம் தெரிந்தால், நோயுற்ற மீனை உயிருடன், தொட்டி நீரோடு பையில் கட்டி, பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லுங்கள். தொட்டி நீரைத் தனியாக ஒரு சுத்தமான பாட்டிலிலும் கொண்டுபோங்கள்.