திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் பஸ்ஸில் போவது எப்படி, எங்கே இறங்குவது?

மத்திய பஸ் நிலையத்தில் குச்சவெளி அல்லது புல்மோட்டை பஸ்ஸைப் பிடியுங்கள். இரண்டும் நிலாவெளி வழியாகவே போகும். நிலாவெளி என்ற பலகையை மட்டும் தேடி நின்றால் நேரம்தான் வீண். தூரம் சுமார் 15 கி.மீ.

தரிப்பிடங்கள் பலவற்றில் பெயர்ப்பலகை இராது. அதனால் ஏறும்போதே நடத்துநரிடம், "அண்ணை, புறாத்தீவுப் படகு ஏறுற இடத்துக்குக் கிட்ட இறக்கிவிடுங்கோ" என்று இடத்தோடு சொல்லுங்கள் (புறாத்தீவு, நிலாவெளிக் கரைக்கு எதிரே கடலில் உள்ள சிறு தீவு). வெறுமனே நிலாவெளி என்றால் சிக்கல்: ஊர் வீதியோரமாக நீண்டு கிடக்கிறது, தவறி இறங்கினால் வெயிலில் நடைதான்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு என்று வரிசையாக வரும். சாம்பல்தீவு கழிந்ததும் பையை எடுத்து வாசல் பக்கம் நகருங்கள். நெரிசலில் கடைசி நேரத்தில் இறங்க முடியாது. இறக்கண்டிப் பாலம் தெரிந்தால் நிலாவெளியைத் தாண்டிவிட்டீர்கள். உடனே "இறக்கம்" என்று குரல் கொடுத்து இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று திருகோணமலை பஸ்ஸை மறியுங்கள். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.