‘இட் இஸ் ஃபார்’ என்பது ஏன் உறுத்துகிறது?

‘அது வெகுதூரம்’ என்பதை ‘இட் இஸ் ஃபார்’ என்று எழுதியதை ஆசிரியர் ஏன் திருத்தினார் என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணப் பிழை இல்லை, வழக்குதான் வேறு. ‘ஹவ் ஃபார் இஸ் இட்?’ என்ற கேள்வியிலும் ‘இட் இஸ்ன்ட் ஃபார்’ என்ற மறுப்பிலும் ‘ஃபார்’ இயல்பாக உட்காரும். ஆமென்று சொல்லும்போது ‘இட் இஸ் எ லாங் வே’ என்பார்கள். ‘டூ’, ‘ஸோ’ போன்ற சொற்கள் முன்னால் வந்தால் ‘ஃபார்’ தடையின்றி வரும்: ‘இட் இஸ் டூ ஃபார்.’

காலத்துக்கும் இதே போக்கு. ‘டிட் யூ வெயிட் லாங்?’ என்று கேட்டால், ‘யெஸ், ஐ வெயிட்டட் எ லாங் டைம்’ என்பது பதில்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்’ என்பது தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே ‘ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்’ என்று மாற்றிவிடுகிறோம். ஒரே வரியில் இரண்டு பிழைகள்! ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபோர் டூ அவர்ஸ்’ என்பதே சரி. கால அளவுக்கு ‘ஃபோர்’ (for); தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’: ‘சின்ஸ் டென் ஓ’கிளாக்.’ இதை வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். விதியைவிடக் காது நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: ‘எ டூ-அவர் ஜர்னி’ என்னும்போது ‘அவர்’ (hour) பன்மையாகாது.