சத்தியம் கேட்கும் குழந்தை

அன்புள்ள ஐயா,

குன்னூரில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் மனநல ஆலோசகராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பிள்ளைகள் ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்’ என்றுதான் பேச்சையே தொடங்குகிறார்கள். பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டுமா? சொன்னால் அடுத்த குழந்தை என்னிடம் வருமா? நிர்வாகம், ‘முதலில் எங்களிடம் சொல்லுங்கள், விசாரித்து முடிவெடுக்கிறோம்’ என்கிறது.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழி,

சொல்லியாக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு ஆலோசகருக்கு விலக்கு தரவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகத் தருகிறதுதான். ஆனால் வேறொரு சட்டம் போக்சோவோடு முரண்பட்டால் போக்சோவே நிற்கும் என்கிறது அதன் 42ஏ பிரிவு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்குப் போட முடியாது.

அதனால் சத்தியம் செய்யாதீர்கள். செய்துவிட்டு மீறினால்தான் அடுத்த குழந்தை வராது. முதல் சந்திப்பிலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள்: ‘நீ சொல்றது நமக்குள்ள இருக்கும். ஆனா யாராவது உன்னைக் காயப்படுத்தினா, தொட்டுத் தொந்தரவு பண்ணினா, உன்னைக் காப்பாத்த சில பேர்கிட்ட சொல்லணும். யார்கிட்டன்னு முதல்ல உனக்குச் சொல்லிடுவேன்.’

குழந்தை சொல்லத் தொடங்கினால் ‘அப்புறம்?’ என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். ‘மாமா இங்கே தொட்டாரா?’ என்று கேட்டால், நீங்கள் சொல்லிக்கொடுத்தது என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். தேதி, நேரம் போட்டு, குழந்தையின் வார்த்தையிலேயே எழுதுங்கள். உடலுறுப்புக்கு அது என்ன பெயர் சொன்னதோ அதே பெயர்.

விசாரித்து முடிவெடுக்கும் வேலை நிர்வாகத்துடையது அல்ல. அவர்களுக்குத் தெரிவியுங்கள், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். வார்டன், முதல்வர், தாளாளர் என்று ஒவ்வொருவரும் கேட்கக் கேட்கச் சின்னச் சின்ன விவரங்கள் மாறும், வழக்கு அங்கேதான் பலவீனப்படும். அதற்குள் குற்றவாளிக்கும் சேதி போய்விடும். அவர் குழந்தையின் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால், போலீசுக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போன் போடாதீர்கள்.

விடுதிப் பிள்ளைகள் பலரும் வெளியூர்க்காரர்கள். லீவில் திருப்பூரில் நடந்ததென்றாலும் குன்னூரிலேயே புகார் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173ஆம் பிரிவு. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லுங்கள். புகாரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. அது இருக்கும் இடத்துக்கே சீருடையில்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும், இயன்றவரை பெண் எஸ்.ஐ.

சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் ஆஸ்பத்திரிதான் முதல். எஃப்.ஐ.ஆருக்காகக் காத்திருக்க வேண்டாம், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். குளிப்பாட்டாதீர்கள். உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். நம் மலை ஈரத்தில் பிளாஸ்டிக் பைக்குள் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும்.

போனை எடுக்கும் முன் குழந்தையிடம், ‘அவங்க பேச வர்றப்ப உன் பக்கத்துல யார் இருக்கணும்?’ என்று கேளுங்கள். வாக்குமூலத்தின்போதும் மருத்துவப் பரிசோதனையின்போதும் தான் நம்பும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. அது சொல்லும் பெயரைப் போலீசிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.