கேஸ் மடக்குக்கத்தியின் வயதும் எஃகும்

கேஸ் என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனத்தின் பழைய மடக்குக்கத்தி எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதன் எஃகு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் விடை அலகின் அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அலகைப் பாதி மடக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

‘கேஸ் எக்ஸ்எக்ஸ் யு.எஸ்.ஏ.’ முத்திரையின் கீழ் புள்ளிகள் இருக்கின்றனவா? பென்சில்வேனியாவைச் சேர்ந்த அந்த நிறுவனம் 1970இல் பத்துப் புள்ளிகளோடு தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. ஏழு புள்ளிகள் என்றால் 1973. 1980இல் மறுபடியும் பத்து. ஆனால் இம்முறை ‘எஸ்’ எழுத்து மின்னல்போலக் கூர்மையாக இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் கணக்கு சரியாகப் பத்தாண்டு பிசகும். யு.எஸ்.ஏ. இருந்து புள்ளியே இல்லையென்றால் 1965–69.

எஃகுக்கு எண்ணைப் பாருங்கள். ‘6254 எஸ்எஸ்’ என்பதில் 6 எலும்புப் பிடி, 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 வடிவம், எஸ்எஸ் துருப்பிடிக்காத எஃகு. ‘சிவி’ என்றால் குரோம் வனேடியம் கலந்த கார்பன் எஃகு. பழம் நறுக்கினாலே சாம்பல் நிறம் ஏறிவிடும். காந்த சோதனை பயன்படாது, இரண்டுமே ஒட்டும்.

தயவுசெய்து முத்திரையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். புள்ளிகள் மிக ஆழமற்றவை.