மஞ்சள் கார்டுக்குப் பத்து, சிவப்புக்கு இருபத்தைந்து!

கால்பந்து பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார்டு பந்தயம் பற்றித்தான். மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து போனாலும் சந்தேகம் கேட்பதில் பழைய வடாற்காடு இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணே, காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பிரீமியர் லீக் பார்க்கும்போது பக்கத்து ரூம் பையன் "இந்த மேட்ச் நாலரை ஓவர்" என்கிறான். கார்டில் ஏது அண்ணே அரை?
— கல்லூரி மாணவர், காட்பாடி

அரை கார்டு கிடையாது தம்பி. பந்தயம் சமமாக முடிந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட அரை அது. 4.5 என்று கோடு போட்டால் நாலு கார்டு வந்தால் 'அண்டர்' கட்டியவன் ஜெயித்தான், ஐந்து வந்தால் 'ஓவர்' கட்டியவன் ஜெயித்தான், இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமே இல்லை.

கார்டு பந்தயத்தில் எளிதான வகை இதுதான். இதற்கு மேல் எந்த அணிக்கு அதிகம், முதல் கார்டு யாருக்கு, இன்ன ஆட்டக்காரர் கார்டு வாங்குவாரா, சிவப்பு வருமா வராதா என்று கிளை கிளையாகப் போகும். இன்னொரு கணக்கு பாயிண்ட். மஞ்சளுக்கு 10, சிவப்புக்கு 25. இரண்டு மஞ்சள் வாங்கி வெளியேறுகிறவருக்கு முதல் மஞ்சளுக்கு 10, சிவப்புக்கு 25, ஆக 35. இரண்டாவது மஞ்சளுக்குத் தனியாக எதுவும் கிடையாது. மஞ்சள் வாங்கின பிறகு நேரடியாகச் சிவப்பு வாங்கினாலும் அதே 35. ஓர் ஆளுக்கு உச்சவரம்பு அவ்வளவுதான். ஆக, ஓர் ஆட்டத்தில் நாலு பேருக்கு மஞ்சள், ஐந்தாவது ஆள் இரண்டு மஞ்சளில் அவுட் என்றால் மொத்தம் 75 பாயிண்ட்.

பாயிண்டை வைத்துப் பிரிட்டனில் 'ஸ்ப்ரெட்' என்று ஒன்று நடத்துகிறார்கள், அதுதான் கொஞ்சம் பயங்கரமானது. ஓர் ஆட்டத்தின் மொத்த பாயிண்ட் 36–40 என்று கம்பெனி சொல்கிறது என்று வையுங்கள். கூடும் என்று நினைப்பவன் 40-ல் 'வாங்குகிறான்', பாயிண்டுக்கு இவ்வளவு பணம் என்று. ஆட்டம் 65-ல் முடிந்தால் 25 மடங்கு லாபம், ஒரே ஒரு மஞ்சளோடு முடிந்தால் 30 மடங்கு நஷ்டம். குறையும் என்று 36-ல் 'விற்றவன்' நிலை இன்னும் மோசம், ஏனென்றால் கார்டு எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு வரம்பே கிடையாது. அங்கே இதைச் சூதாட்ட ஆணையம் பார்ப்பதில்லை, பங்குச் சந்தை மாதிரியான விஷயங்களைப் பார்க்கிற நிதி ஒழுங்குமுறை அமைப்பு பார்க்கிறது.

சார், என் சித்தப்பா மகன் லண்டனில் வேலை செய்கிறான், அங்கே இதெல்லாம் சட்டப்படி சரியாம். ஒரு மேட்சில் ஐந்தரைக்கு மேல் என்று கட்டினான். ஆறு கார்டு நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம், ஒன்று கோச்சுக்கு, ஒன்று கடைசி விசிலுக்குப் பிறகு நடந்த தள்ளுமுள்ளில். கம்பெனி நாலு என்று சொல்லிப் பணம் இல்லை என்கிறது. ஏமாற்று வேலைதானே?
— வாசகர், குடியாத்தம்

கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். கோச் வாங்கியதும் விசிலுக்குப் பிறகு வந்ததும் கழிந்துபோய் நாலு. ஏமாற்று இல்லை, அவன் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தின விதிமுறைப் பக்கத்தில் அது எழுதியிருக்கும்.

கார்டு பந்தயத்தில் நான் எல்லாருக்கும் சொல்வது இதைத்தான்: டிவியில் தெரிவது வேறு, கணக்கில் ஏறுவது வேறு. பெரும்பாலான கம்பெனிகளுக்கு 90 நிமிடமும் அதோடு சேர்க்கும் இஞ்சுரி டைமும் மட்டும்தான் ஆட்டம். சமனாக நின்றால் அதற்கு மேல் ஆடுகிற எக்ஸ்ட்ரா டைம் சேராது. மைதானத்துக்குள் ஆடிக்கொண்டிருப்பவர் வாங்கினால்தான் கார்டு, பெஞ்சில் இருப்பவரும் மாற்றப்பட்டு வெளியே போய் உட்கார்ந்தவரும் கணக்கில் வரமாட்டார்கள். இடைவேளையில் காட்டினால் அது இரண்டாம் பாதியில் சேரும். சிவப்பை ஒரு கம்பெனி இரண்டு கார்டாக எண்ணும், இன்னொன்று ஒன்றாக எண்ணும். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு கம்பெனியில் இரண்டு எண்ணிக்கை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

2022 உலகக் கோப்பையில் நெதர்லாந்து–அர்ஜென்டினா கால் இறுதி ஞாபகம் இருக்கிறதா? ஸ்பெயின் நடுவர் மத்தேயு லஹோஸ் 15-க்கும் மேலே கார்டு காட்டினார். அவற்றில் அர்ஜென்டினா கோச் ஸ்கலோனிக்கு ஒன்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்டுக்கு ஒன்று (அவர் அப்புறம் உள்ளே வந்து இரண்டு கோல் போட்டது தனிக் கதை), அதே அணியின் டம்ஃப்ரீஸ் வெளியேற்றப்பட்டது 120 நிமிடமும் முடிந்த பிறகு. இதையெல்லாம் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள், டிவியில் பார்த்ததற்கும் பந்தயக் கணக்குக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். 2010 இறுதி ஆட்டத்திலும் இப்படித்தான், நடுவர் ஹாவர்ட் வெப் 14 மஞ்சள் காட்டினார், நெதர்லாந்தின் ஹைட்டிங்கா இரண்டாவது மஞ்சளில் வெளியே போனது எக்ஸ்ட்ரா டைமில். சிவப்பு வரும் என்று கட்டியவன் சிவப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தோற்றிருப்பான்.

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் ஆடுகிற ஆள் நான். கார்டு எத்தனை வரும் என்று எதை வைத்து சார் கணிக்கிறார்கள்? கிளி ஜோசியமா?
— வாசகர், ஆம்பூர்

கிளி இல்லை, ரெஃப்ரி. கோல் எத்தனை என்று யோசிப்பவன் ஆட்டக்காரர்களைப் பார்ப்பான், கார்டு எத்தனை என்று யோசிப்பவன் முதலில் நடுவர் யார் என்று பார்ப்பான். பிரீமியர் லீக்கில் எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பது சில நாள் முன்பே வெளியாகிவிடும், வெளியானதும் கோடும் ஆட்ஸும் (ஜெயித்தால் போட்ட பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற கணக்கு) நகரும். ஒருவர் வாயால் அடக்கிப் பார்ப்பார், இன்னொருவர் பத்தாவது நிமிடத்திலேயே பாக்கெட்டில் கை விடுவார்.

அப்புறம் ஜோடி. ஓரமாக ஓடித் தாக்குகிற வேகமான விங்கருக்கு எதிரே, தடுக்கிற இடத்தில் கொஞ்சம் மெதுவான பேக் நின்றால் அந்த பேக்கின் பெயரில்தான் எல்லாரும் கட்டுவார்கள். உள்ளூர்ப் பகை இருக்கிற டெர்பி ஆட்டம் என்றால் கூடும். ஸ்பெயின் லீக்கில் இங்கிலாந்தைவிட அதிகமாகக் கார்டு காட்டுவது பல வருடப் பழக்கம். தடைக் கணக்கையும் பார்ப்பார்கள்: பிரீமியர் லீக்கில் முதல் 19 ஆட்டத்துக்குள் ஐந்து மஞ்சள் சேர்ந்தால் ஓர் ஆட்டம் உட்கார வேண்டும், அதனால் நாலோடு நிற்பவன் கொஞ்சம் காலை மடக்கி ஆடுவான், 19 தாண்டியதும் அந்தப் பயம் போய்விடும். கடைசி இருபது நிமிடத்தில் ஒரு கோல் வித்தியாசம் என்றால் நேரம் கடத்துபவனுக்கு ஒன்று, அதைப் பார்த்துக் கத்துபவனுக்கு ஒன்று. நடுவில் வீடியோ நடுவர் வேறு, மஞ்சளைச் சிவப்பாக்குவார், சிவப்பை ரத்து செய்யச் சொல்வார்.

இவ்வளவும் தெரிந்த ஆள் ஜெயிப்பானா என்று அடுத்த கேள்வி வரும், முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் கம்பெனிக்கும் தெரியும், அந்தக் கோட்டைப் போட்டதே இதையெல்லாம் வைத்துத்தான். ஓவருக்கும் அண்டருக்கும் 1.85, 1.85 என்று ஆட்ஸ் இருந்தால் இரண்டிலும் நூறு நூறு போட்டுப் பாருங்கள். போட்டது 200, எது வந்தாலும் கையில் வருவது 185. யார் சீட்டு எடுத்தாலும் சீட்டுப் பிடிப்பவருக்குக் கமிஷன் போகிற மாதிரி அந்த 15 கம்பெனிக்குப் போய்விடும். ஒரே டிக்கெட்டில் மூன்று நாலு ஆட்டத்தைக் கோத்துக் கட்டினால் அந்தக் கமிஷனும் பெருகிக்கொண்டே போகும்.

கார்டு எப்போது வந்தது? நாங்கள் ஆடிய காலத்தில் நடுவர் கையை நீட்டி "வெளியே போ" என்பார், அவ்வளவுதான்.
— ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், வாலாஜாபேட்டை

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில், ஐயா. 1966-ல் இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்தில் அர்ஜென்டினா கேப்டன் ரட்டீனை வெளியே அனுப்ப ஜெர்மன் நடுவர் பட்ட பாடு பெரிது, அவர் பேசியது இவருக்குப் புரியவில்லை, இவர் பேசியது அவருக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவர் காரில் போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்து யோசித்ததுதான் மஞ்சளும் சிவப்பும். வேடிக்கை என்னவென்றால் 1970-ல் ஒரு சிவப்புகூடக் காட்டவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு 1974-ல், சிலியின் கார்லோஸ் காஸ்ஸெலிக்கு.

கோல் போடுவது கஷ்டம். கார்டு வாங்குவது சுலபம்தானே? காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே இடறிவிட்டால் யாருக்குத் தெரியும்?
— வாசகர், அரக்கோணம்

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். ஒரு ஆட்டத்தைத் தோற்க வைக்க நாலைந்து பேர் வேண்டும், மஞ்சள் கார்டு வாங்க ஒரு ஆளும் ஒரு காலும் போதும். ஆட்டத்தின் முடிவும் பெரும்பாலும் மாறாது, அதனால் மனசாட்சியும் அவ்வளவாகக் குத்தாது.

யாருக்குத் தெரியும் என்றால், முதலில் கம்பெனிக்குத்தான் தெரியும். பெரிய பெயர் இல்லாத ஒரு ஆட்டக்காரர் கார்டு வாங்குவார் என்று திடீரென்று புதுக் கணக்குகளிலிருந்து, ஒரே ஊரிலிருந்து பணம் குவிந்தால் மணி அடித்துவிடும். இந்தச் சந்தையில் சாதாரணமாகப் பெரிய தொகை புரளாது, அதனால் சின்ன அலைகூடத் தனியாகத் தெரியும். இங்கிலாந்தில் லிங்கன் சிட்டி அணியின் பிராட்லி வுட், 2016–17 எஃப்.ஏ. கோப்பையில் இரண்டு ஆட்டங்களில் வேண்டுமென்றே கார்டு வாங்கியதாக நிரூபணமாகி 2018-ல் ஆறு வருடத் தடை பெற்றார். பிரேசிலில் 2023-ல் கோயாஸ் மாநில அரசு வழக்கறிஞர்கள் தோண்டியதில், கார்டு வாங்கப் பணம் பெற்ற ஆட்டக்காரர்கள் வரிசையாக மாட்டினார்கள், சிலருக்கு ஆயுள் தடை.

ஆனால் சந்தேகம் எல்லாம் குற்றம் ஆகிவிடாது. வெஸ்ட் ஹாமில் ஆடிய லூகாஸ் பக்கேட்டா மீது நாலு மஞ்சள் கார்டை வைத்து 2024-ல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் குற்றம் சாட்டியது, விசாரணை முடிந்து 2025 ஜூலையில் அந்தக் குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் அவருக்குக் கைக்கு வரவிருந்த பெரிய கிளப் மாற்றம் போயே போய்விட்டது. ஸ்வீடன் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று 2021 தொடக்கத்திலிருந்து மஞ்சள் கார்டு மாதிரி விதிமீறல்கள் மீது பந்தயம் நடத்துவதையே தடை செய்துவிட்டது. என்னைக் கேட்டால் மற்ற நாடுகளும் அதைத்தான் செய்ய வேண்டும்.

என் பையன் போனில் டெலிகிராம் குரூப் ஒன்றில் "இன்று ரெட் கார்டு உறுதி, பணம் கட்டினால் டிப்ஸ்" என்று வருகிறது. அவனும் இரண்டு மூன்று முறை யாரோ ஒருவர் யுபிஐக்கு அனுப்பியிருக்கிறான். இது சட்டப்படி என்ன ஆகும்? எனக்குப் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், சத்துவாச்சாரி

அம்மா, முதலில் சட்டம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி கட்டுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடத்துகிறவரைப் பிடிக்கிறது: மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் செய்பவருக்கும் தனித் தண்டனை.

அந்த 'உறுதி' எப்படி என்று பையனிடம் சொல்லுங்கள். குரூப் வைத்திருப்பவர் பாதிப் பேருக்கு 'வரும்' என்றும் மீதிப் பேருக்கு 'வராது' என்றும் அனுப்புவார். எது நடந்தாலும் ஒரு பாதிக்கு அவர் தீர்க்கதரிசி. மறுநாள் அந்தப் பாதியிடம் மட்டும் காசு கேட்பார். யாரோ ஒருவர் யுபிஐ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. பெரும்பாலும் அது கமிஷனுக்கு வாடகைக்கு எடுத்த கணக்காக இருக்கும். போலீஸ் அந்தக் கணக்கை முடக்கும்போது அதனோடு பணம் கொடுக்கல் வாங்கல் வைத்த கணக்குகளும் சேர்ந்து முடங்கலாம். அடுத்து பையனிடமே "உன் கணக்கைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று கேட்பார்கள், அதற்கு மட்டும் எந்தக் காரணத்துக்கும் தலையாட்டவிடாதீர்கள். போன பணத்தைப் பற்றிப் புகார் செய்ய 1930 என்ற எண்ணைத் தாமதிக்காமல் கூப்பிடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை அழிக்க வேண்டாம். அவனால் விட முடியவில்லை என்று தெரிந்தால் 14416, மனநல ஆலோசனை, இலவசம், தமிழிலேயே பேசலாம். திட்டுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளுக்கு ஒரே மேட்சில் மூன்று மஞ்சள் வந்ததுண்டா? இங்கே ஒருவன் சத்தியம் செய்கிறான்.
— வாசகர், ஆரணி

உண்டு, அவனுக்கு டீ வாங்கிக் கொடுங்கள். 2006 உலகக் கோப்பை, குரோஷியா–ஆஸ்திரேலியா, நடுவர் கிரஹாம் போல். குரோஷியாவின் சிமுனிச்சுக்கு இரண்டாவது மஞ்சள் காட்டியபோது புத்தகத்தில் ஆஸ்திரேலியாவின் மூன்றாம் எண் ஆட்டக்காரர் பெயரில் குறித்துவிட்டார், சிமுனிச்சுக்கும் எண் மூன்றுதான். அதனால் சிவப்பு வராமல் அவர் தொடர்ந்து ஆடி, மூன்றாவதையும் வாங்கிய பிறகுதான் வெளியே போனார். ஓர் ஆளுக்கு 35-க்கு மேல் கிடையாது என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால் பாயிண்ட் கணக்கில் அந்தக் கூடுதல் மஞ்சளுக்குச் சல்லிக்காசு கிடையாது.