அம்மா பார்க்கும் டோக்கியோ (வாசகர் கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கடலூர் திருப்பாப்புலியூர். கணவரின் வேலை காரணமாக டோக்கியோவில், இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாயில் குடியிருக்கிறோம். நிலநடுக்கம் எங்களுக்குப் பழகிவிட்டது. அதைப் பற்றி ஊரில் வரும் செய்திதான் இன்னும் பழகவில்லை.

2024 புத்தாண்டு அன்று நோட்டோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம். எங்கள் வீட்டில் கூடத்து விளக்கு கொஞ்ச நேரம் ஆடியது, அவ்வளவுதான். அம்மா போன் செய்து அழுதார். தொலைக்காட்சியில் ஊரே அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தாராம். அவர் விவரித்ததிலிருந்தே அது 2011 சுனாமியின்போது எடுத்த படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஹனேடா விமான நிலையத்தில் விமானம் தீப்பிடித்தது. இரண்டையும் சேர்த்து, இனி ஜப்பான் தேறாது என்று சித்தப்பா முடிவுகட்டிவிட்டார். 2025 ஜூலையில் பேரழிவு வரும் என்று ஒரு சித்திரக்கதை சொல்லியிருப்பதாகப் புரளி கிளம்பியபோது, பேரனையாவது அனுப்பி வை என்றார் மாமியார்.

இங்கேயும் நிம்மதி இல்லை. எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. ஆங்கிலச் செய்தி ஒன்று சொல்கிறது, வாட்ஸ்அப் குழு வேறொன்று சொல்கிறது. 2011இல் ஊருக்குக் கிளம்பிப் போன வெளிநாட்டவரைச் சில அலுவலகங்களில் இன்றும் குத்திக்காட்டுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார்.

நீங்கள் 2004இல் கடலூரில் இருந்தவர். இந்தச் செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வது? அம்மாவிடம் உள்ளதைச் சொல்வதா, ஒன்றுமே இல்லை என்று மறைப்பதா? வரும் ஏப்ரலில் அவரை இங்கே அழைத்து வர ஆசை. அழைக்கலாமா?

க., டோக்கியோ
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் முதலெழுத்து மட்டும்.)

அன்புள்ள க.,

அம்மாவிடம் தொலைக்காட்சியை அணைத்து வைக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருப்பீர்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். கேட்காததற்குக் காரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே நிலம் குலுங்கியபோது நமக்குக் காலை ஆறரை மணி. தேவனாம்பட்டினத்துக்கும் சோனாங்குப்பத்துக்கும் சிங்காரத்தோப்புக்கும் அலை வந்து சேர இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தச் சேனலும், எந்த வானொலியும், எந்த அதிகாரியும் நம் கரையில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். அந்தக் காலையை இந்த ஊரில் கழித்த ஒரு பெண்ணுக்குச் செய்தி அதிகமாக வருவது பெரிய தொல்லையே இல்லை. செய்தி வராமல் போவதுதான் பயம். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள்.

நான்காம் நாளே இந்த ஊர் செய்தியின் இன்னொரு முகத்தையும் பார்த்தது. டிசம்பர் 30 காலையில், மறுபடியும் சுனாமி வரக்கூடும் என்று டெல்லியிலிருந்து உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. சேனல்கள் பிடித்துக்கொண்டன. நான் அப்போது லாரன்ஸ் சாலை ரயில்வே கேட் பக்கம் நின்றிருந்தேன். துறைமுகத்துப் பக்கமிருந்து ஆட்டோவும் மினி லாரியும் சைக்கிளுமாக ஜனம் வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் மண்ணெண்ணெய் அடுப்புமாக ஓடி வந்தாள். அடுப்பில் பாதி வெந்த சோறு அப்படியே இருந்தது, வழியெல்லாம் கஞ்சி சிந்தியது. அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை, கடலுக்கு முதுகைக் காட்டினால் போதும் என்று வந்தாள். நிவாரண வேலை அன்று அப்படியே நின்றுபோனது. அந்த எச்சரிக்கைக்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை என்று அன்றே அமைச்சர் கபில் சிபல் சொன்னார். அவர் சொன்னது ஓடியவர்களை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இடையில் டிசம்பர் 28 அன்று ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். இறந்த உறவினருக்கு அருகே மண்ணில் விழுந்து, உள்ளங்கைகளை விரித்து அழும் ஒரு பெண்ணின் படம். அந்த ஆண்டின் உலகச் செய்திப் படமாகத் தேர்வானது. உலகம் நம் ஊரைப் பார்த்தது அந்த ஒரு படத்தில்தான். அதில் பொய் என்று ஒரு துளியும் கிடையாது. ஆனால் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு அதைப் பார்த்த கடலூர்க்காரருக்கு, திருப்பாப்புலியூர் கடைத்தெருவுக்குத் தண்ணீரே வரவில்லை என்பதை அந்தப் படம் சொல்லாது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே விவரம்: எங்கள் தெரு இருக்கிறதா? உங்கள் அம்மா அழுதுகொண்டே கேட்பதும் அதைத்தான். பெரிய தொலைக்காட்சிகள் தூரத்தில் இருப்பவர்களுக்காகப் படம் காட்டுகின்றன. தெருவாரியாகச் சொல்ல அவற்றுக்கு நேரமும் கிடையாது, அக்கறையும் கிடையாது.

2011 மார்ச் 11க்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை, நம் நேரம் காலை 11.16. இங்கே சேனல்கள் சட்டமன்றத் தேர்தல் கூட்டணிப் பேச்சில் மூழ்கியிருந்தன. கொஞ்ச நேரத்தில் அதையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, நத்தோரி வயல்களின் மேல் கறுப்பாக ஊர்ந்து வரும் தண்ணீர் திரையை நிறைத்தது. ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கேயின் ஹெலிகாப்டரிலிருந்து நேரலையாக வந்த காட்சி அது. அதைத்தான் உங்கள் அம்மா 2024இலும் பார்த்திருக்க வேண்டும். சேனல்காரர்களுக்கு அதைவிட நல்ல சுனாமிப் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஏறக்குறைய 16,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தண்ணீரில். மறுநாள் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடம் வெடித்ததும் உலகத்தின் கேமராக்கள் செத்தவர்களை விட்டுவிட்டு அங்கே திரும்பிக்கொண்டன. நமக்கும் அது வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இல்லை. கல்பாக்கம் நம் கரையில்தான் இருக்கிறது, 2004இல் அங்கேயும் கடல்நீர் புகுந்து உலையை நிறுத்தினார்கள். அதே ஆண்டு இடிந்தகரையில் கூடங்குளம் போராட்டம் பெரிதானதற்கு அந்தக் காட்சிகளுக்கும் பங்கு உண்டு.

அந்த வாரம் டோக்கியோவில் இருந்த வெளிநாட்டவர்களின் பாடு பெரும்பாடு. ஜன்னலுக்கு வெளியே ஒரு நகரம், திரையில் வேறொரு நகரம். ஜப்பான் அரசு உலையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களை வெளியேற்றியது. அமெரிக்கா தன் மக்களை 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கச் சொன்னது. ஜெர்மனி தூதரகத்தையே ஒசாகாவுக்கு மாற்றியது. பிரெஞ்சுத் தூதரகம் மார்ச் 13 அன்றே, அவசியம் இல்லாதவர்கள் டோக்கியோவை விட்டுக் கிளம்புவது நல்லது என்றது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் உண்டல்லவா? ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு தமிழர்களில் பாஸ்போர்ட்டைப் பொறுத்து ஒருவர் ஓட வேண்டியவர், இன்னொருவர் இருக்கலாம். இந்த வேடிக்கையை எந்தச் செய்தியாளரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அமெரிக்கச் சேனல் ஒன்று ஜப்பானின் அணு உலைகளை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டியது. அதில் ஒரு புள்ளிக்குப் பெயர் ‘ஷிபுயா எக்மேன்’. டோக்கியோவின் நடுவில் இருக்கும் பாட்டுக் கச்சேரி அரங்கம் அது. அங்கே வசித்த வெளிநாட்டவர்கள் பொறுமையிழந்து, இப்படிப்பட்ட அபத்தங்களைத் தொகுத்து ஒரு பட்டியலே போட்டார்கள். செய்தியைச் சரிபார்க்கும் வேலையைச் செய்தியில் சிக்கியவர்களே பார்க்க வேண்டியிருந்தது.

சரியான செய்தி எப்படி இருக்கும் என்பதற்கும் அந்த மாதத்திலேயே உதாரணம் உண்டு, அதுவும் உங்கள் பேட்டையிலேயே. மார்ச் 23 அன்று, உங்கள் எதொகாவா வார்டுக்கும் தண்ணீர் தரும் கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்தில் கதிரியக்க அயோடின் கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருப்பது தெரியவந்தது. கைக்குழந்தைகளுக்கு வரம்பு 100, பெரியவர்களுக்கு 300. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம், மற்றவர்கள் குடிக்கலாம் என்று மாநகர அரசு அறிவித்தது. குழந்தை உள்ள வீடுகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தது. மறுநாள் அளவு 79க்கு இறங்கியதும் தடையை விலக்கிக்கொண்டது. எந்த நிலையம், யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வெளியூரில் அதே செய்தி ‘டோக்கியோ தண்ணீரில் கதிரியக்கம்’ என்று மூன்று சொல்லாக ஓடியது. மூன்று சொல்லும் உண்மைதான். அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்ய முடியும்?

அப்படியானால் அரசாங்கம் சொல்வதை மட்டும் கேட்டால் போதுமா என்றால், அதற்கும் நான் தயாரில்லை. ஃபுகுஷிமாவுக்கு அருகே நமியே என்ற ஊர் இருக்கிறது. அந்த மக்கள் உலைக்கு வடமேற்கே இருந்த சுஷிமா பகுதிக்கு ஓடினார்கள். கதிரியக்கம் காற்றோடு போனதும் அதே திசையில்தான். அது எந்தப் பக்கம் பரவும் என்று கணக்கிடும் ஏற்பாடு அரசிடம் இருந்தது, ஆனால் அந்தக் கணிப்பு உரிய நேரத்தில் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. உலைக்குள் எரிபொருள் உருகியதை மின் நிறுவனம் மே மாதத்தில்தான் ஒப்புக்கொண்டது. வெளிநாட்டுச் சேனல்கள் கூச்சல் போட்டன, உள்நாட்டில் அதிகாரிகள் மென்று விழுங்கினார்கள். டோக்கியோவில் இருந்தவருக்குக் கூச்சல் தீங்கு செய்தது, நமியேவில் இருந்தவருக்கு மௌனம். ஆகவே யாரை நம்புவது என்று கேட்காதீர்கள். சொல்கிறவர் எண்ணையும் இடத்தையும் தருகிறாரா, கேள்வி கேட்டால் விடை சொல்கிறாரா என்று பாருங்கள். அந்த மார்ச்சில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் ஜான் பெடிங்டன் லண்டனிலிருந்து தொலைபேசி வழியே டோக்கியோத் தூதரகத்தில் கூடியவர்களின் கேள்விகளுக்கு விடையளித்தார். மிக மோசமானது நடந்தாலும் டோக்கியோவை விட்டு வெளியேறத் தேவையில்லை என்பதைக் காரணத்தோடு விளக்கினார். அந்தக் கேள்வி பதிலை அப்படியே எழுத்தில் வெளியிட்டார்கள். பிரிட்டிஷ்காரர் அல்லாதவர்களும் தேடிப் படித்தார்கள்.

ஓடிப்போனவர்கள் என்ற ஏச்சு பற்றி. 2011 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய நான்கு வாரங்களில் ஜப்பானை விட்டுப் போன வெளிநாட்டவர்கள் சுமார் 5,31,000 பேர். அவர்களில் பாதிக்கு மேல், 3 லட்சத்துக்கும் அதிகமானோர், திரும்பி வருவதற்கான அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர்கள். அதற்காக ஷினகாவா குடியேற்ற அலுவலகத்தில் வரிசை கட்டிடத்தைச் சுற்றி நின்றது. ஓடுகிறவன் திரும்பி வர அனுமதிச் சீட்டு வாங்க வரிசையில் நிற்பானா? போன்மேல் போன் போட்டு அம்மா அழும்போது பத்து நாள் ஊருக்குப் போய்வருவதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய ஒன்றை உங்கள் கடிதம் தொடவில்லை. 1923இல் டோக்கியோவைத் தாக்கிய பெருநிலநடுக்கத்தின்போது, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தியைப் பத்திரிகைகளும் அச்சிட்டன. ஆயிரக்கணக்கான கொரியர்களை வெட்டிக் கொன்றார்கள். 2011இல் யாரையும் கொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டவர்கள் திருடுகிறார்கள் என்ற பேச்சு சுனாமி தாக்கிய சென்டாய் நகரத்தில் பரவியது. பின்னர் ஆய்வு செய்தபோது, நகரத்தில் சுமார் பாதிப் பேர் அதைக் கேள்விப்பட்டிருந்தார்கள், கேட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நம்பியும் இருந்தார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் முகத்தையும் பெயரையும் நிலம் நடுங்குவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் பயிற்சிக்கு மொழி புரியாவிட்டாலும் போய் நில்லுங்கள்.

மொழிக்கு வருவோம். என்எச்கே உலக சேவையில் இந்தி உண்டு, வங்காளம் உண்டு, உருது உண்டு. தமிழ் இல்லை. புலம்பிப் பயனில்லை, கோபேயைப் பாருங்கள். 1995 நிலநடுக்கத்தில் நகாதா பகுதி எரிந்தபோது, அங்கிருந்த கொரியர்களும் வியட்நாமியர்களும் தங்கள் மொழியிலேயே சின்னஞ்சிறு வானொலி தொடங்கினார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த விண்ணப்பத்துக்கு எங்கே போக வேண்டும், யார் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்பதுதான் நிகழ்ச்சி. அடுத்த ஆண்டு அது உரிமம் பெற்ற சமூக வானொலியாகவே ஆனது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த நான்கு பேராவது இருப்பார்கள். நிலம் நடுங்கிய முதல் ஒரு மணி நேரம் அவர்கள் மட்டும் பதிவிடட்டும்: எந்த ரயில் ஓடுகிறது, கடற்கரை எச்சரிக்கை எந்த மாவட்டத்துக்கு, வார்டு அலுவலகம் என்ன சொல்கிறது. மற்றவர்கள் அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த வீடியோவைத் தள்ளிவிடாமல் இருந்தாலே பெரிய உதவி.

அம்மாவிடம் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்த அன்றிலிருந்து நீங்கள் ஒன்றுமில்லை என்று சொல்லும்போதெல்லாம் அவருக்கு வயிற்றைக் கலக்கும். அதற்குப் பதில், ஒவ்வோர் இடத்திலும் நிலம் எவ்வளவு குலுங்கியது என்று ஜப்பானில் சொல்லும் ஷிண்டோ கணக்கைக் கற்றுக்கொடுங்கள். நம் சேனல்கள் சொல்லும் ரிக்டர் எண் நிலநடுக்கம் முழுவதற்கும் ஒன்றுதான், ஷிண்டோ ஊருக்கு ஊர் மாறும். 0 முதல் 7 வரை போகும். நோட்டோவில் அன்று 7.6 என்றார்கள். அங்கே ஷிகா என்ற ஊரில் ஷிண்டோ 7, டோக்கியோவில் 3. நடுங்கி முடிந்ததும் வீட்டில் மூன்று பேரும் நலம், இங்கே 3 என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நம் ஊர்ப் பெண்கள் புயல் கூண்டு எண்ணைக் கேட்டே எதைக் கட்டி வைக்க வேண்டும், எதை உள்ளே எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறவர்கள். இந்த எண் அம்மாவுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அப்புறம் அவரே சித்தப்பாவுக்குப் பாடம் எடுப்பார்.

ஏப்ரலில் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். சுமிதா வார்டில் ஹோன்ஜோ என்ற இடத்தில் டோக்கியோ தீயணைப்புத் துறை நடத்தும் பயிற்சி மையம் இருக்கிறது. அனுமதி இலவசம். நிலநடுக்கம் எப்படி இருக்கும் என்று மேடையில் ஏற்றிக் குலுக்கிக் காட்டுகிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் மேடையில் ஏற்ற வேண்டாம், பேரன் ஏறட்டும், அவர் கீழே நின்று பார்க்கட்டும்.